தின்றும் இளைக்கும் பூனை

1970களின் பிற்பகுதியில், நியூயார்க்கில் உள்ள அனிமல் மெடிக்கல் சென்டர் என்ற விலங்கு மருத்துவமனைக்கு விசித்திரமான சில பூனைகள் வந்தன. எல்லாமே வயதானவை. வைத்ததைத் தின்று முடித்துவிட்டு அடுத்த வேளைக்குக் கத்தின. இவ்வளவு தின்றும் முதுகைத் தடவினால் எலும்புதான் கையில் இடறியது. 1979இல் மார்க் பீட்டர்சன் என்ற கால்நடை மருத்துவரும் அவருடைய குழுவினரும் காரணத்தைச் சொன்னார்கள்: தைராய்டு அளவுக்கு மீறிச் சுரக்கிறது. மறு ஆண்டே பாஸ்டனில் ஜீன் ஹோல்ஸ்வொர்த்தும் சகாக்களும் இதே நோய் கண்ட பத்துப் பூனைகளைப் பற்றி விரிவாக எழுதினார்கள். இறந்த பூனைகளை அறுத்துப் பார்த்தவர்கள் அதற்கு முன்பே தைராய்டில் முடிச்சுகளைக் கண்டதுண்டு. அந்த முடிச்சுக்கும், சமையலறை வாசலில் நின்று ஓயாமல் கத்தும் கிழட்டுப் பூனைக்கும் உறவு உண்டு என்பது தெளிவானது அப்போதுதான்.

அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் பத்து வயதைத் தாண்டிய பூனைகளில் ஏறக்குறைய பத்தில் ஒன்றுக்கு இந்த நோய் வருவதாக இன்று கணக்கிடுகிறார்கள். அத்தனை பேர் வீட்டிலும் நடப்பது ஒன்றுதான். பூனை கேட்கிறது, கொடுக்கிறார்கள், மறுபடி கேட்கிறது. "வயசாக ஆக இதுக்குப் பேராசை வந்துடுச்சு" என்று சிரிக்கிறார்கள். தங்கள் பூனையை நோயாளி என்று சொல்வதைவிடத் திருடன் என்று சொல்லத்தான் பூனை வளர்ப்பவர்களுக்குப் பிடிக்கிறது.

பேராசை என்ற விளக்கத்தை இந்த அத்தியாயத்தில் ஒதுக்கி வைத்துவிடுவோம். வயதான பூனை ஓயாமல் உணவு கேட்டால் முதலில் எழ வேண்டிய கேள்வி ஒன்றே ஒன்று: அதன் எடை கூடுகிறதா, குறைகிறதா? பதிலைப் பொறுத்து இரண்டு வெவ்வேறு கதைகள் தொடங்குகின்றன. ஒன்று மருத்துவமனைக்குப் போகிறது. மற்றது நம் வீட்டுப் பழக்கங்களுக்குள்ளேயே சுற்றி வருகிறது.

முதல் கதையில் தைராய்டுக்குத்தான் முதலிடம். மூச்சுக்குழாயின் இருபுறமும் ஒட்டியிருக்கும் சின்னஞ்சிறு சுரப்பி அது. அதில் சுரக்கும் தைராக்ஸின் என்ற ஹார்மோன்தான் உடல் எந்த வேகத்தில் எரிபொருளைச் செலவழிக்க வேண்டும் என்பதைத் தீர்மானிக்கிறது. முதுமையில் சில பூனைகளுக்கு இந்தச் சுரப்பி வீங்கி, மூளையிலிருந்து வரும் 'போதும்' என்ற உத்தரவை மதிக்காமல் சுரந்துகொண்டே போகிறது. பெரும்பாலும் இது சாதாரண வீக்கம்தான். நூற்றுக்கு இரண்டு மூன்று பூனைகளில் மட்டுமே புற்றுநோயாக இருக்கிறது. செலவு வரவை மிஞ்சும்போது உடல் தன் சேமிப்பில் கை வைக்கிறது. கொழுப்பு கரைகிறது, பிறகு தசையும் கரைகிறது. இதயம் படபடக்கிறது. பூனை நடுராத்திரியில் பெருங்குரலில் ஊளையிடுகிறது. வாந்தி எடுக்கிறது, ரோமம் எண்ணெய்ப் பிசுக்கேறிச் சடை பிடிக்கிறது.

இந்த நோயில் ஏமாற்றும் அம்சம் ஒன்று உண்டு. ஆரம்பத்தில் பூனை மிகுந்த சுறுசுறுப்போடு இருக்கும். பன்னிரண்டு வயதுக்காரி திடீரென்று குட்டியைப் போல ஜன்னலுக்கு ஜன்னல் தாவுவாள். நல்ல பசி, நல்ல ஓட்டம். இதைப் பார்த்து மருத்துவரிடம் போக யாருக்குத் தோன்றும்? மாதங்கள் கழித்து, தூக்கும்போது கைக்கு லேசாகத் தெரிந்த பிறகுதான் கவலை வருகிறது. அதற்குள் ரத்த அழுத்தமும் ஏறியிருக்கலாம். சில பூனைகள் அந்த அழுத்தத்தால் விழித்திரை விலகி ஒரே நாளில் பார்வை இழந்துவிடுகின்றன.

காரணம் இன்னும் முழுதாகப் பிடிபடவில்லை. சந்தேகப் பட்டியலில் டப்பா உணவு இருக்கிறது. சோபாவும் மெத்தையும் எளிதில் தீப்பற்றாமலிருக்க 1970களிலிருந்து கலக்கப்பட்ட புரோமின் ரசாயனங்களும் இருக்கின்றன. பூனை தன் ரோமத்தை நாள் முழுக்க நக்குகிறது. வீட்டுத் தூசி முழுக்க அதன் வயிற்றுக்குள் போகிறது. அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையைச் சேர்ந்த ஜானிஸ் டையும் குழுவினரும் 2007இல் வெளியிட்ட ஆய்வில், பூனைகளின் ரத்தத்தில் இந்த ரசாயனம் அந்நாட்டு மனிதர்களிடம் வழக்கமாகக் காணப்படுவதைப் போல 20 முதல் 100 மடங்கு வரை இருந்தது. ஆனால் ரத்தத்தில் இருப்பதால் மட்டுமே அதைக் குற்றவாளி என்று சொல்லிவிட முடியாது. சயாமீஸ் இனப் பூனைகளுக்கு இந்த நோய் குறைவாகவே வருகிறது என்பதால் பரம்பரைக்கும் பங்கு இருக்க வேண்டும்.

கண்டுபிடிப்பது கடினமல்ல. ரத்தத்தில் தைராக்ஸின் (டி4) அளவைப் பார்த்தால் பெரும்பாலும் தெரிந்துவிடும். மெதிமசோல் என்ற மாத்திரை சுரப்பைக் கட்டுப்படுத்துகிறது. மாத்திரை விழுங்க மறுக்கும் பூனைக்கு அதே மருந்தைக் களிம்பாக்கிக் காதுமடலின் உட்புறத்தில் தடவுவதும் உண்டு. அறுவை சிகிச்சை இருக்கிறது, அயோடின் மிகக் குறைந்த தனி உணவு இருக்கிறது. வசதியுள்ள ஊர்களில் கதிரியக்க அயோடின் ஊசி போடுகிறார்கள். அயோடினை இழுத்துக்கொள்வது தைராய்டின் இயல்பு என்பதால் கதிர்வீச்சு நேராக நோயுற்ற செல்களுக்குப் போய்ச் சேர்கிறது. பெரும்பாலான பூனைகளுக்கு ஒரே ஊசியில் நோய் தீர்ந்துவிடுகிறது.

இந்தச் சிகிச்சையில் ஒரு திருப்பம் உண்டு. தைராய்டு எகிறும்போது சிறுநீரகத்துக்குள் அதிக ரத்தம் பாய்கிறது. பழுதான சிறுநீரகம்கூட ஓரளவு சமாளித்துக்கொள்கிறது. தசை கரைந்திருப்பதால், சிறுநீரகப் பழுதைக் காட்டிக்கொடுக்கும் கிரியாட்டினினும் ரத்தத்தில் குறைவாகவே தெரியும். தைராய்டை அடக்கியதும் திரை விலகி, மறைந்திருந்த சிறுநீரக நோய் வெளியே வருகிறது. மருந்து சிறுநீரகத்தைக் கெடுத்துவிட்டது என்று வீட்டார் நினைக்கிறார்கள். உண்மையில் அது ஏற்கெனவே கெட்டிருந்தது. மருத்துவர் முதலில் குறைந்த அளவு மருந்தில் தொடங்கி, சில வாரங்களில் மறுபடி ரத்தம் எடுத்துப் பார்ப்பதற்கு இதுதான் காரணம்.

தின்றும் இளைக்கும் பூனைக்கு அடுத்து நினைக்க வேண்டியது நீரிழிவு. பூனைக்கு வருவது பெரும்பாலும் மனிதர்களின் இரண்டாம் வகையை ஒத்தது. குண்டான, கருத்தடை செய்யப்பட்ட ஆண் பூனைகளுக்கு ஆபத்து அதிகம். ரத்தத்தில் சர்க்கரை ததும்புகிறது, ஆனால் இன்சுலின் சரியாக வேலை செய்யாததால் செல்களுக்குள் போவதில்லை. செல்கள் பட்டினி கிடப்பதால் மூளை மேலும் மேலும் உணவு கேட்கிறது. கூடவே தண்ணீரும் நிறையக் குடிக்கும், சிறுநீரும் நிறையப் போகும். வெளியே போய்வரும் நம் ஊர்ப் பூனைகளிடம் பின்னதைக் கவனிப்பது கடினம். தண்ணீர்க் கிண்ணம் காலியாகும் வேகத்தைத்தான் பார்க்க வேண்டும். சில பூனைகள் பின்னங்காலின் குதிகாலைத் தரையில் பதித்து நடக்கத் தொடங்கும். அது நரம்பு பாதிக்கப்பட்டதன் அடையாளம்.

மருத்துவமனைக்குப் போகும் பயத்திலேயே பூனைக்குச் சர்க்கரை ஏறிவிடும் என்பதால் ஒரே ஒரு பரிசோதனையை நம்பக்கூடாது. கடந்த ஓரிரு வாரங்களின் சராசரியைக் காட்டும் ஃப்ரக்டோசமின் பரிசோதனை இதற்காகவே இருக்கிறது. ஆறுதலான செய்தியும் உண்டு: சீக்கிரம் கண்டுபிடித்து இன்சுலினும் மாவுச்சத்து குறைந்த உணவும் கொடுத்தால், கணிசமான பூனைகள் இன்சுலினே தேவையில்லாத நிலைக்குத் திரும்புகின்றன. பெரும்பாலான மனித நோயாளிகளுக்குக் கிடைக்காத அதிர்ஷ்டம்.

மூன்றாவது இடம் குடல். வயதாகும்போது பூனையின் செரிமானமே மங்குகிறது. பன்னிரண்டு வயதைத் தாண்டியவற்றில் ஏறக்குறைய மூன்றில் ஒன்று கொழுப்பைச் சரியாகச் செரிப்பதில்லை. பதினான்கைத் தாண்டியவற்றில் ஐந்தில் ஒன்று புரதத்தையும் முழுதாக எடுத்துக்கொள்வதில்லை. தின்றது உடம்பில் ஒட்டாமல் வெளியேறுகிறது. நாள்பட்ட குடல் அழற்சியும், மெதுவாக வளரும் ஒருவகைக் குடல் புற்றுநோயும் இதே தோற்றத்தைக் காட்டும். எலி பிடித்துத் திரியும் பூனை என்றால் இதற்கெல்லாம் முன்பு குடற்புழுவைப் பார்த்துவிடலாம். மலப் பரிசோதனைக்கு ஆகும் செலவு மிகக் குறைவு.

கேட்பதும் தின்பதும் ஒன்றல்ல என்பதையும் இங்கே சொல்லியாக வேண்டும். சில கிழட்டுப் பூனைகள் கத்திக் கேட்கும், தட்டருகே வரும், முகர்ந்துவிட்டு விலகும், பிறகு மறுபடி கேட்கும். அதைப் பிகு என்று எடுத்துக்கொண்டு தட்டை மாற்றி மாற்றி வைப்போம். பசிக்கிறது, ஆனால் பல்வலி. அல்லது சிறுநீரக நோய் தரும் குமட்டல். பூனையின் பல் வேரோரத்தில் அரிக்கப்பட்டு உள்ளுக்குள்ளேயே கரையும் நோய் வயதானவற்றில் மிகச் சாதாரணம். வாயைத் திறந்து பார்த்தாலே தெரியும் என்று சொல்ல முடியாது, எக்ஸ்ரே வேண்டும். மூக்கு மங்கிய பூனையும் இப்படித்தான் நடந்துகொள்ளும். அதற்குச் சாப்பாட்டை உடம்புச் சூட்டுக்கு வெதுவெதுப்பாக்கி வைத்தாலே போதும். பிரெட்னிசலோன் போன்ற ஸ்டீராய்டு மருந்து வேறெதற்கோ கொடுக்கப்பட்டிருந்தால் அகோரப் பசிக்கு அதுவே காரணமாக இருக்கலாம். மூளைத் தேய்மானமும் உண்டு: சாப்பிட்டது மறந்துபோய் ராத்திரியில் வீட்டைச் சுற்றிக் கத்தும் பூனையிடம் திட்டம் எதுவும் இல்லை, குழப்பம்தான் இருக்கிறது.

எடை குறையவில்லை, ரத்தப் பரிசோதனைகளும் சரி, ஆனாலும் பூனை கேட்டுக்கொண்டே இருக்கிறது என்றால் இரண்டாவது கதைக்குள் நுழைகிறோம். அந்தக் கதையை எழுதியவர்களில் நாமும் உண்டு.

வளர்ந்த பூனைகள் தங்களுக்குள் 'மியாவ்' என்று பேசிக்கொள்வது அபூர்வம். குட்டி தாயிடம் எழுப்பும் அந்தக் குரலைப் பெரிய பூனை நம்மிடம் மட்டும் தொடர்கிறது. அதையும் தாண்டி ஒரு நுட்பத்தை 2009இல் இங்கிலாந்தின் சசெக்ஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கேரன் மெக்கோம்ப் வெளியிட்டார். ஆய்வுக்குத் தூண்டுகோல் அவருடைய சொந்தப் பூனை பெப்போ; காலையில் அவரை எழுப்பிவிடும் பூனை. சாதாரணமாகச் சுகத்தில் எழும் 'குர்ர்' ஒலி மிகத் தாழ்ந்த சுருதி. உணவு கேட்கும்போது அதே குர்ர் ஒலிக்குள் இன்னொரு உயர்ந்த சுருதியைப் பூனை நுழைக்கிறது. அதன் அதிர்வெண் சுமார் 380 ஹெர்ட்ஸ். கைக்குழந்தையின் அழுகையும் இந்த எல்லைக்குள்தான் வருகிறது. பூனையே வளர்க்காதவர்களிடம் போட்டுக் காட்டியபோதுகூட, இந்த ஒலி அவசரமாகவும் இனிமை குறைந்ததாகவும் இருப்பதாகச் சொன்னார்கள். விடிகாலையில் நீங்கள் எழுந்து போவது மன உறுதி இல்லாததால் அல்ல. தப்ப முடியாத ஒரு சுருதியைப் பூனை பிடித்து வைத்திருக்கிறது.

அதை எப்படிக் கற்றது என்பதற்கான பதில் இன்னும் பழையது. 1898இல் கொலம்பியா பல்கலைக்கழக மாணவராக இருந்த எட்வர்ட் தார்ண்டைக், பசித்த பூனைகளை மரப்பெட்டிக்குள் அடைத்து வெளியே மீனை வைத்தார். பூனை பிராண்டும், கடிக்கும், தற்செயலாகக் கயிற்றையோ தாழ்ப்பாளையோ தட்டும், கதவு திறக்கும். மறுபடி மறுபடி அடைத்தபோது பயனற்ற அசைவுகள் ஒவ்வொன்றாக உதிர்ந்து, கதவைத் திறந்த அசைவு மட்டும் நிலைத்தது. பலன் தந்த செயல் பதியும், பலன் தராதது கரையும். உங்கள் வீட்டில் கதவுத் தாழ்ப்பாள் நீங்கள்தான். காலைச் சுற்றியது, பாத்திரத்தைத் தட்டியது, தலையணையில் ஏறி முகத்தைத் தொட்டது எனப் பத்து வித்தைகளில் எதற்குச் சாப்பாடு வந்ததோ அது மட்டும் நிலைத்திருக்கிறது.

இதில் நிலைமையை மோசமாக்குவது நம் அரைகுறைக் கண்டிப்பு. எப்போதும் பலன் கிடைக்கும் செயலைவிட, எப்போதாவது பலன் கிடைக்கும் செயலை விலங்கு விடாப்பிடியாகச் செய்யும். உளவியலாளர் பி.எஃப். ஸ்கின்னரும் அவர் வழி வந்தவர்களும் எலிகளையும் புறாக்களையும் வைத்து இதைத் திரும்பத் திரும்பக் காட்டியிருக்கிறார்கள். அம்மா மறுக்க, தாத்தா யாருக்கும் தெரியாமல் ஒரு துண்டு மீன் போட, பேரன் பிஸ்கட்டைப் பகிர, பூனை படிக்கும் பாடம் 'விடாமல் கேள், யாரோ ஒருவர் விழுவார்' என்பதுதான். தருவதை முற்றிலும் நிறுத்தினாலோ கத்தல் உடனே குறையாது. முதலில் உச்சத்துக்கு ஏறும். தாங்க முடியாமல் அந்த உச்சத்தில் ஒரு பிடி போட்டுவிட்டால், அடுத்த முறை அந்த உச்சத்திலிருந்தே தொடங்கும்.

அடிப்பதும் முகத்தில் தண்ணீர் தெளிப்பதும் உதவாது. சூடான பாலில் ஒருமுறை வாய் வைத்து, பிறகு பாலைக் கண்டாலே ஓடிய தெனாலிராமன் பூனையின் கதை நமக்குத் தெரியும். வலி வேகமாகத்தான் கற்றுக்கொடுக்கிறது, ஆனால் நாம் நினைத்த பாடத்தை அல்ல. ராமனின் பூனை பசியை மறக்கவில்லை, சாப்பாட்டுக்குப் பயந்தது. உங்கள் பூனை உங்களுக்குப் பயப்படும்.

பயன் தருவது, உணவுக்கும் நம் முகத்துக்கும் உள்ள தொடர்பை அறுப்பது. குறித்த நேரத்தில் தானே திறக்கும் தீவனப் பெட்டி இருந்தால் விடிகாலைப் பூனை உங்களை விட்டுவிட்டுப் பெட்டியின் முன்னால் போய் உட்காரும். பெட்டி இல்லாவிட்டால், எழுந்ததும் முதல் வேலையாகச் சாப்பாடு வைப்பதையாவது நிறுத்துங்கள். பல் தேய்த்து, காபி குடித்து, கத்தல் ஓய்ந்த பிறகு வையுங்கள். நாள் முழுவதற்கான தீவனத்தைக் காலையிலேயே அளந்து ஒரு டப்பாவில் போட்டுவிட்டால், வீட்டில் யார் கொடுத்தாலும் அந்த டப்பாவிலிருந்துதான் கொடுக்க வேண்டும் என்று ஆகிவிடும். அளவு முக்கியம்: 4 கிலோ பூனைக்கு ஒரு நாளைக்கு ஏறக்குறைய 200 கலோரி போதும். உலர் தீவனம் 100 கிராமில் 350 முதல் 400 கலோரி இருக்கிறது. பாசத்தோடு போடும் 5 கிராம் என்பது அன்றைய தேவையில் பத்தில் ஒரு பங்கு.

எத்தனை வேளை என்பதில் அறிஞர்களிடையே ஒருமித்த கருத்து இல்லை. ஓர் எலியில் சுமார் 30 கலோரிதான் இருக்கிறது; வேட்டையாடும் பூனை ஒரு நாளில் பல முறை சிறிது சிறிதாகத் தின்றே வாழ்கிறது. அந்த உடலுக்குச் சிறு வேளைகள்தான் பொருத்தம் என்பது பரவலான கருத்து. கனடாவின் குவெல்ஃப் பல்கலைக்கழகம் 2020இல் எதிர்த்திசையில் ஒரு முடிவைச் சொன்னது: நாளுக்கு ஒரே வேளை தின்ற பூனைகளிடம் வயிறு நிறைந்ததை உணர்த்தும் ஹார்மோன்கள் கூடுதலாக இருந்தன. ஆனால் அந்தப் பூனைகள் இளமையும் ஆரோக்கியமும் உள்ளவை. செரிமானம் மங்கிய கிழட்டுப் பூனைக்கு அதைப் பொருத்த மாட்டேன். நான்கைந்து சிறு வேளைகளே என் தேர்வு. இன்சுலின் போடும் பூனைக்கு மட்டும் வேளையை மருத்துவர்தான் வகுக்க வேண்டும்.

என்ன கொடுக்கிறோம் என்பதும் பசியைத் தீர்மானிக்கிறது. பூனையிடம் பல வகை உணவுகளை வைத்துத் தேர்ந்தெடுக்க விட்டபோது, தன் கலோரியில் ஏறக்குறைய பாதி புரதத்திலிருந்து வரும்படி அது கலந்துகொண்டது. மாவுச்சத்து ஓர் எல்லையைத் தொட்டதும் தின்பதையே நிறுத்திக்கொண்டது. இங்கிலாந்தின் வால்தம் ஆய்வு மையம் 2011இல் வெளியிட்ட முடிவு இது. புரதம் கிடைக்காத நாட்களில் மனித உடல் புரதத்தை எரிப்பதைக் குறைத்துக்கொள்ளும். பூனையின் கல்லீரலுக்கு அந்தச் சிக்கனம் தெரியாது. தட்டில் இல்லாவிட்டால் தசையிலிருந்து எடுத்து எரிக்கும். இனிப்பை உணரும் மரபணுவே அதற்கு உடைந்து கிடக்கிறது. நம் வீடுகளில் தயிர்சாதமும், மீன் குழம்புத் தண்ணீர் ஊற்றிப் பிசைந்த சோறும் தின்றுவிட்டு ஒரு மணி நேரத்தில் மறுபடி வந்து நிற்கும் பூனை, சோறு போதவில்லை என்று வரவில்லை. சோற்றில் தனக்கு வேண்டியது இல்லை என்று வருகிறது. பாலும் தீர்வல்ல, பெரும்பாலான வளர்ந்த பூனைகளுக்கு அது சரியாகச் செரிக்காது. வயதானால் புரதத்தைக் குறைக்க வேண்டும் என்ற பழைய அறிவுரையும், சிறுநீரகம் நன்றாக இருக்கும் பூனைக்குப் பொருந்தாது.

சில நேரம் பூனை கேட்பது உணவையே அல்ல. அமெரிக்காவின் ஒரெகான் மாநிலப் பல்கலைக்கழகத்தில் கிறிஸ்டின் விட்டாலி 2017இல் வெளியிட்ட ஆய்வில், உணவு, பொம்மை, வாசனை, மனிதர் என்ற நான்கில் எது வேண்டும் என்று பூனைகளைத் தேர்ந்தெடுக்க விட்டார்கள். பாதிப் பூனைகள் மனிதரிடம் போயின. உணவுக்கு இரண்டாம் இடம்தான். கண்ணும் காதும் மங்கிய கிழட்டுப் பூனை துணைக்காகக் கூப்பிடும்போது நாம் தட்டை நிரப்பினால், துணை வேண்டும்போதெல்லாம் தட்டருகே போய்க் கத்தப் பழகிக்கொள்ளும். கேட்டதும் சாப்பாடு வைக்காமல் ஐந்து நிமிடம் உட்கார்ந்து தடவிக்கொடுத்துப் பாருங்கள். மடியில் சுருண்டுவிட்டால் பதில் கிடைத்துவிட்டது.

இவ்வளவுக்கும் அடிப்படை எடைபோடுவது. ஆளோடு சேர்த்துக் குளியலறைத் தராசில் நின்று கழித்துப் பார்க்கும் முறையில் சின்ன மாற்றங்கள் தப்பிவிடும். கிராம் காட்டும் மின்னணுத் தராசில் ஒரு கூடையோடு வைத்து மாதம் ஒருமுறை எடை பார்த்துத் தேதியோடு குறித்து வையுங்கள். 4 கிலோ பூனை 200 கிராம் இழப்பது, 60 கிலோ மனிதர் 3 கிலோ இழப்பதற்குச் சமம். ரோமத்துக்குள் அது கண்ணில் படாது. பத்து வயதுக்கு மேல் ஆறு மாதத்துக்கு ஒருமுறை மருத்துவர் பார்க்கட்டும். போகும்போது அந்த எடைக் குறிப்பையும், ஒரு நாளில் குடித்த தண்ணீரின் அளவையும், தீவனப் பாக்கெட்டின் படத்தையும் கையோடு கொண்டுபோங்கள்.

எடை கூடியிருக்கிறது என்று தெரிந்தால் ஆத்திரப்பட்டுத் தட்டைக் காலியாக வைத்துவிடாதீர்கள். குண்டுப் பூனை இரண்டு மூன்று நாள் பட்டினி கிடந்தால் உடற்கொழுப்பு கல்லீரலில் குவிந்து உயிருக்கே ஆபத்தாகலாம். வாரத்துக்கு உடல் எடையில் 0.5 முதல் 2 சதவீதம் வரை குறைவதுதான் பாதுகாப்பான வேகம். 6 கிலோ பூனைக்கு அது 30 முதல் 120 கிராம்.